தீர்ப்பு எழுதப்படாத மாளிகை: லுக்கினோ விஸ்கொன்தி (1906–1976)

மிலான் நகரை நடுக்காலத்தில் ஆண்ட விஸ்கொன்தி குலத்தின் சின்னம் ஒரு பாம்பு. சுருண்டு நிமிர்ந்த அப்பாம்பின் வாயில், பாதி விழுங்கப்பட்ட மனித உரு ஒன்று கைகளை விரித்தபடி காணப்படும். நகரின் பழைய கோட்டையில் இன்றும் அச்சின்னத்தைப் பார்க்கலாம். அக்குலத்தின் கிளையொன்றில், 1906 நவம்பர் 2ஆம் நாள், கத்தோலிக்கர்கள் இறந்தோரை நினைவுகூரும் திருநாளில், லுக்கினோ பிறந்தார். தந்தை ஜுசெப்பே, கோமகப் பட்டங்கள் பல தாங்கியவர். தாய் கார்லா, மருந்து உற்பத்தியில் பெருஞ்செல்வம் திரட்டிய எர்பா குடும்பத்தின் வாரிசு. பழங்குடிப் பெருமையும் புதுத் தொழிலின் பணமும் ஒரே வீட்டில் சந்தித்த மணம் அது. அம்மணத்தில் பிறந்த எழுவருள் நான்காமவர் லுக்கினோ.

அச்சிறுவனுக்கு இல்லாதது என்று எதுவும் இல்லை. மிலானில் மாளிகை, அதற்குள்ளேயே குடும்பத்தார் நடித்து மகிழ ஓர் அரங்கு, கோமோ ஏரிக்கரையில் தாய்வழி வந்த வேனில் மாளிகை, பியாசென்சா அருகே தந்தை நடுக்காலச் சிற்றூரின் சாயலில் புதிதாகக் கட்டியெழுப்பிய கிராமம். உலகப் புகழ்பெற்ற லா ஸ்காலா இசைநாடக அரங்கில் குடும்பத்துக்கெனத் தனி மாடம் இருந்தது. நகராட்சி நிதியுதவியை நிறுத்தியதால் 1897இல் அவ்வரங்கு மூடப்பட்டபோது, அதை மீண்டும் திறக்க முன்னின்றவர் லுக்கினோவின் பாட்டனார் குய்தோ. தாய் பிள்ளைகளுக்கு இசையில் பயிற்சி அளித்தார். லுக்கினோவுக்கு வாய்த்தது செல்லோ.

இவ்வளவும் இருந்த வீட்டில் பெற்றோரின் மணவாழ்வு முறிந்தது. 1920களில் இருவரும் பிரிந்தனர். பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் பக்கமே நின்றனர். ஒரு பெருங்குடும்பத்தின் வெளிச்சுவர் அசையாமல் நிற்க, உள்ளே கூரை இறங்குவது எப்படி என்பதை லுக்கினோ நூல்களிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை. பிற்காலத்தில் அவர் எடுத்த படங்களில், நீண்ட உணவு மேசையைச் சுற்றிக் குடும்பத்தார் அமர்ந்திருக்கும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. வெள்ளித் தட்டுகள் ஒழுங்காக இருக்கும்; பேச்சில் மட்டும் நஞ்சு கலந்திருக்கும்.

இளமையில் அவர் கலைஞராக வருவார் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. பிநெரோலோவில் குதிரைப்படைப் பயிற்சி பெற்றார். பந்தயக் குதிரைகளை வாங்கினார், வளர்த்தார், பழக்கினார். விரைந்து ஓடும் கார்களும் அவருக்குப் பிடித்தமானவை. 1929இல், அவரே ஓட்டிச் சென்ற கார் ஒன்று விபத்துக்குள்ளாயிற்று. உடனிருந்த குடும்பக் கார் ஓட்டுநர் இறந்துபோனார். அப்போது விஸ்கொன்திக்கு வயது 22.

அந்த விபத்தைக் குறித்து வரலாற்று நூல்கள் தருபவை சில வரிகளே. ஆனால் அவ்வரிகளுக்குள் ஒரு நாடகத்துக்கான முழுப் பொருளும் அடங்கியிருக்கிறது. கார் ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர் அன்று அருகில் அமர்ந்திருந்தார். பொழுதுபோக்காக ஓட்டுபவர் சுக்கானைப் பிடித்திருந்தார். இறந்தவர் கூலிக்காரர், பிழைத்தவர் எசமானர். அது திட்டமிட்டுச் செய்த கொலை ஆகாது. எனினும் தற்செயல் என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளவும் அந்த இளைஞரால் இயலவில்லை. விரைவில் அவர் வீட்டையும் குதிரைகளையும் விட்டு ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் பயணமானார். அப்பயணத்துக்கும் அந்த இறப்புக்கும் உள்ள தொடர்பை அவரது வாழ்க்கையை எழுதியோர் சுட்டிக்காட்டியிருக்கின்றனர்.

பாலைவனத்திலிருந்து திரும்பியவர் முன்போலவே குதிரைகளோடும் விருந்துகளோடும் சில ஆண்டுகள் கழித்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மனமாற்றம் ஒரே இரவில் நிகழ்வது கதைகளில்தான். 1930களின் நடுவில் அவர் பாரிஸ் சென்றார். ஆடை வடிவமைப்பால் புகழ்பெற்ற கோகோ ஷனேல், அவரைத் திரைப்பட இயக்குநர் ழான் ரெனுவாரிடம் அறிமுகம் செய்துவைத்தார். 1936இல் ரெனுவார் எடுத்த நாட்டுப்புற உலா பற்றிய குறும்படத்தில் விஸ்கொன்தி உதவியாளராகப் பணிபுரிந்தார். அது பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்த ஆண்டு. ரெனுவாரைச் சூழ்ந்திருந்தோர் பெரும்பாலும் இடதுசாரிகள். முசோலினியின் இத்தாலியிலிருந்து வந்த கோமகனை அவர்கள் முதலில் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. அந்த ஐயமே அவருக்குப் பள்ளியாயிற்று. பிறப்பால் தமக்குக் கிடைத்தவை யாருடைய உழைப்பிலிருந்து கிடைத்தவை என்னும் கேள்வியை அவர் அங்கேதான் முதன்முதலாக எதிர்கொண்டார்.

1939 தொடக்கத்தில் தாய் இறந்தார். அதன்பின் விஸ்கொன்தி ரோம் நகரில் தங்கி, ‘சினிமா’ என்னும் இதழைச் சுற்றி இயங்கிய இளம் எழுத்தாளர்களுடன் சேர்ந்தார். முசோலினியின் மகனே அவ்விதழின் ஆசிரியராக இருந்தார். அந்நிழலிலேயே பாசிச எதிர்ப்பாளர்கள் கூடி எழுதினர் என்பது அக்காலத்தின் விந்தைகளுள் ஒன்று. சிசிலியின் நாவலாசிரியர் ஜொவான்னி வெர்காவின் கதையொன்றைப் படமாக்க விஸ்கொன்தி விரும்பினார். தணிக்கையாளர் மறுத்தனர். அப்போது ரெனுவார் முன்பு கொடுத்திருந்த ஒரு தட்டச்சுப் படி நினைவுக்கு வந்தது. அமெரிக்கரான ஜேம்ஸ் எம். கெய்ன் 1934இல் வெளியிட்ட குற்றக் கதையின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அது. நாடோடி ஒருவனும் விடுதிக்காரனின் மனைவியும் சேர்ந்து கணவனைக் கொல்கிறார்கள். கொலையைக் கார் விபத்தாகக் காட்டுகிறார்கள். இறுதியில் உண்மையான கார் விபத்தொன்றில் அப்பெண் இறக்கிறாள்.

அக்கதையைப் போ ஆற்றுச் சமவெளிக்கு இடம் மாற்றி, 1943இல் ‘ஒசெஸ்ஸியோனே’ என்னும் பெயரில் தம் முதற் படத்தை விஸ்கொன்தி முடித்தார். திரைக்கதையில் பங்குகொண்டோருள் சிலர் படப்பிடிப்புக் காலத்திலேயே சிறைப்பட்டனர். விபத்துகள் இரண்டும் கெய்னின் நாவலிலேயே உள்ளவைதாம். ஆயினும், எழுதப்பட்ட எத்தனையோ கதைகளுள் இதைத் தேர்ந்தவர், சாலையில் ஒரு மனிதரின் உயிர் போகக் கண்டவர். சாலையோரத்தில் நிற்கும் கொலையாளியின் முகத்தை அப்படம் நெடுநேரம் நோக்குகிறது. குற்றத்தைக் கண்டுபிடிப்பதில் அதற்கு அக்கறை குறைவு. குற்றம் செய்தபின் ஒருவன் உண்பதும் உறங்குவதும் எப்படி என்பதே அதன் வினா. உளவியல் மர்மப்படம் என இன்று வழங்கப்படும் வகைக்கு இத்தாலியில் அமைந்த முதற் கற்களுள் ஒன்று இப்படம். நாவலின் உரிமை பெறாமல் எடுக்கப்பட்டதால் அமெரிக்காவில் பல ஆண்டுகள் அது திரையிடப்படவில்லை.

போர் இத்தாலியின் மண்ணுக்கே வந்தபின், ரோம் நகரில் இருந்த தம் வீட்டை எதிர்ப்புப் போராளிகளுக்கும் தப்பிவந்த போர்க்கைதிகளுக்கும் புகலிடமாக்கினார் விஸ்கொன்தி. 1944 ஏப்ரலில், பியெத்ரோ கோக் என்பவனின் கொடுங்காவல் குழு அவரைக் கைது செய்தது. அக்குழு ஒரு தங்குவிடுதியைச் சித்திரவதைக் கூடமாக்கியிருந்தது. சுடப்படுவார் என்ற அச்சுறுத்தலின்கீழ் அங்கே நாட்களைக் கழித்தார். ஜூன் 4ஆம் நாள் ரோம் விடுதலை பெற்றபோது அவர் உயிருடன் இருந்தார். அதே மாதங்களில் அந்நகரில் பிடிபட்ட எத்தனையோ பெயர் தெரியாதவர்கள் உயிருடன் இல்லை. மறு ஆண்டு கோக் விசாரிக்கப்பட்டு, 1945 ஜூன் 5ஆம் நாள் சுடப்பட்டான். அத்தண்டனை நிறைவேற்றப்பட்டதைப் படம்பிடித்தவர் விஸ்கொன்தியே. ‘ஜோர்னி தி குளோரியா’ என்னும் ஆவணப்படத்தில் அக்காட்சி இடம்பெற்றது. ஒரு முறையேனும் நீதிமன்றம் தீர்ப்பெழுதிய குற்றத்தை அவர் தம் படக்கருவியால் கண்டார். அவருடைய கற்பனைப் படங்களில் அத்தகைய நிறைவு வாய்க்கவேயில்லை.

இங்கே கிரேக்க அவலநாடகத்தின் கதைக்கு வரவேண்டும். கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் ஏதென்ஸ் நகரில் அரங்கேற்றிய முந்நாடகத் தொகுதி ‘ஒரெஸ்டையா’. டிராய் நகரை வென்று திரும்பும் அரசன் அகமெம்னனை, அவன் மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவும் அவளுடைய காதலன் ஏஜிஸ்தஸும் சேர்ந்து கொல்வது முதல் நாடகம். வளர்ந்து திரும்பும் மகன் ஒரெஸ்டஸ், தமக்கை எலெக்ட்ராவின் உறுதுணையோடு தாயையும் அவள் காதலனையும் கொன்று பழிதீர்ப்பது இரண்டாம் நாடகம். கொலைக்கு முன் தாய் ஒரு கனவு காண்கிறாள். பாம்பு ஒன்றைப் பெற்றெடுத்துப் பால் கொடுக்க, அது பாலோடு குருதியையும் உறிஞ்சுகிறது. மூன்றாம் நாடகத்தில் ஒரெஸ்டஸ் ஏதென்ஸின் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறான். வாக்குகள் சரிபாதியாகப் பிரிய, ஏதீனா தேவியின் வாக்கால் விடுதலை பெறுகிறான். பழிக்குப் பழி என்னும் தொடர் அறுபட்டு, நகரத்தின் சட்டம் பிறக்கிறது.

பாம்பைச் சின்னமாகக் கொண்ட குலத்தில் பிறந்தவர் இக்கதையை வாழ்நாள் முழுதும் விடாது சுற்றிவந்தார். 1949இல் ரோம் நகரில் அவர் மேடையேற்றிய ‘ஒரெஸ்தே’, பதினெட்டாம் நூற்றாண்டில் வித்தோரியோ அல்ஃபியேரி எழுதியது. அல்ஃபியேரியும் ஒரு கோமகனே. அந்நாடகத்தில் நீதிமன்றம் இல்லை. தாயைக் கொன்றதை உணர்ந்த மகன் சித்தம் கலங்குவதோடு கதை முடிகிறது. 1953இல் மிலானில் யூரிப்பிடிஸின் ‘மெடியா’வை மேடையேற்றினார். 1958இல் ஆர்தர் மில்லரின் ‘பாலத்திலிருந்து ஒரு பார்வை’. நியூயார்க் துறைமுகத் தொழிலாளி ஒருவன், தன் வீட்டில் ஒளிந்திருந்த உறவினரை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கிறான். வழக்கறிஞர் ஒருவர் கிரேக்க நாடகத்தின் கோரஸைப்போல நின்று அக்கதையைச் சொல்கிறார். காட்டிக்கொடுத்தல் என்னும் இச்செயலை விஸ்கொன்தி பின்னர் மறக்கவில்லை.

இவற்றுக்கிடையே 1957இல் லா ஸ்காலாவில், பாடகி மரியா காலஸைக் கொண்டு குளுக்கின் ‘டாரிஸில் இஃபிஜெனியா’ இசைநாடகத்தை அமைத்தார். இஃபிஜெனியா ஒரெஸ்டஸின் தமக்கை. தாயைக் கொன்ற பழியோடு அலையும் தம்பி, அடையாளம் தெரியாமல் அவள் கையாலேயே பலியாக இருக்கிறான். உண்மை வெளிப்பட, டயானா தேவி தோன்றி அவனை மன்னிக்கிறாள். பாட்டனார் காத்த அரங்கில், தாயோடு அமர்ந்து இசை கேட்ட அரங்கில், ஒரெஸ்டஸுக்கு மன்னிப்புக் கிடைக்கும் முடிவை விஸ்கொன்தி மேடையில் காட்டினார். அம்முடிவு இசையமைப்பாளருடையது. தாமே கதை அமைத்த இடங்களில் அவர் அதை ஒருபோதும் அனுமதித்ததில்லை.

அவருடைய அரசியலும் வாழ்க்கையும் பொருந்தாதவை என்று அக்காலத்திலேயே பலர் கூறினர். சிவப்புக் கோமகன் என்னும் பெயர் பாதி மதிப்போடும் பாதி ஏளனத்தோடும் அவருக்கு இடப்பட்டது. இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் ஆதரவாளர் அவர். அக்கட்சி தந்த நிதியில் தொடங்கி, சிசிலியின் ஆச்சி த்ரெட்சா என்னும் கடலோர ஊரில் மீனவர்களையே நடிக்கவைத்து, அவர்கள் பேச்சுமொழியிலேயே 1948இல் ‘லா தெர்ரா த்ரேமா’ எடுத்தார். அதே மனிதர் பணியாட்கள் சூழ்ந்த வீட்டில் வாழ்ந்தார். 1963இல் வெளிவந்த ‘சிறுத்தை’ படத்தில், காட்சியில் ஒருமுறையும் திறக்கப்படாத பெட்டக அறைகளிலும் உண்மையான துணிகளை மடித்துவைக்கச் சொன்னதாகத் திரையுலகில் ஒரு செய்தி நெடுங்காலம் வழங்கிவருகிறது. 1954இல் வந்த ‘சென்சோ’வில், நாட்டு விடுதலைக்கெனச் சேர்த்த பணத்தைக் கோமகள் ஒருத்தி தன் காதலனான எதிரிப்படை அதிகாரிக்கு எடுத்துக்கொடுக்கிறாள், பின்னர் அவனையே காட்டிக்கொடுத்துச் சுடவைக்கிறாள். தம் வர்க்கத்தைத் தாக்குகிறார் என வலதுசாரிகள் சினந்தனர். தம் வர்க்கத்தின் பட்டாடைகளைக் காதலோடு படம்பிடிக்கிறார் என இடதுசாரிகள் குறைகூறினர். இரு தரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது.

இந்த முரண் முழுமையாகத் திரண்டு நின்றது 1965இல். அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற படத்தின் பெயர் ‘வாகே ஸ்தெல்லே தெல்லோர்சா’. வெளிநாடுகளில் ‘சாண்ட்ரா’ என்ற பெயராலும் அறியப்பட்டது. இத்தாலியத் தலைப்பு, கவிஞர் லெயோபார்டி தம் இளமைக்கால வீட்டை நினைந்து எழுதிய கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது.

படம் ஜெனீவாவில் தொடங்குகிறது. சாண்ட்ரா தன் அமெரிக்கக் கணவனோடு வோல்தெர்ரா என்னும் பழைய மலைநகருக்குக் காரில் வருகிறாள். எத்ருஸ்கர்கள் கட்டிய அந்நகரின் ஓரம் மண்சரிவால் காலங்காலமாக இடிந்து பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. அங்கேதான் அவள் பிறந்த மாளிகை. யூத அறிவியலாளரான அவள் தந்தை ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தவர். அவர் நினைவாக மாளிகையின் தோட்டத்தை நகரத்துக்கு நன்கொடையாக அளித்து, அங்கே அவர் உருவச்சிலையைத் திறப்பதற்காகவே அவள் வந்திருக்கிறாள். தந்தையை நாஜிகளிடம் காட்டிக்கொடுத்தவர்கள் தாயும், பின்பு அவளை மணந்த வழக்கறிஞனும் என்பது சாண்ட்ராவின் ஐயம். பியானோ கலைஞரான தாய் மனநோய் விடுதியில் இருக்கிறாள். தம்பி ஜான்னியும் வந்துசேர்கிறான். தங்கள் சிறுவயது வாழ்க்கையை அவன் ஒரு நாவலாக எழுதியிருக்கிறான். உடன்பிறந்தார் இருவரின் உறவு முறைதவறியது என்னும் பொருள் அதில் தொனிக்கிறது. மாற்றாந்தந்தையும் அதே குற்றத்தைச் சாட்டுகிறான்.

சாண்ட்ரா எலெக்ட்ரா, ஜான்னி ஒரெஸ்டஸ், தாய் கிளைடெம்னெஸ்ட்ரா, மாற்றாந்தந்தை ஏஜிஸ்தஸ். இந்த ஒப்புமையை விஸ்கொன்தியே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். படத்தை அவர் மர்மக்கதையாகவே கருதினார். வழக்கமான மர்மக்கதையில் தொடக்கம் இருளாகவும் முடிவு தெளிவாகவும் இருக்கும். இங்கே தொடக்கத்தில் எல்லாம் தெளிவாகத் தோன்றி, முடிவில் எல்லாம் இருளில் ஆழ்கிறது. சோஃபக்ளீஸின் ஈடிபஸ் கதையே உலகின் முதல் துப்பறியும் கதைகளுள் ஒன்று என்பதும் அவர் கருத்து. தீபஸ் நகரின் அரசன் கொலையாளியைத் தேடுகிறான். விசாரணை முடிகையில் விரல் அவன் பக்கமே திரும்புகிறது. தேடுவோனே தேடப்படுவோன் ஆவதுதான் அக்கதையின் அச்சம்.

சாண்ட்ராவின் தேடலும் அவ்வாறே திரும்புகிறது. தாய் உண்மையில் காட்டிக்கொடுத்தாளா என்பதைப் படம் இறுதிவரை உறுதிசெய்வதில்லை. சாண்ட்ராவுக்கும் தம்பிக்கும் இடையில் நடந்தது என்ன என்பதையும் உறுதிசெய்வதில்லை. உண்மையைத் தெரிந்துகொள்ள விரும்பும் கணவன் மட்டுமே அங்கே வெளியாள். எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேசிமுடித்தால் போதும் என்று அவன் நம்புகிறான். அந்த விருந்து அடிதடியில் முடிகிறது. அவன் மாளிகையை விட்டுப் புறப்படுகிறான். ஜான்னி தன் கையெழுத்துப்படியை எரித்துவிட்டு, நஞ்சருந்தி உயிர்விடுகிறான். அதே வேளையில் சாண்ட்ரா வெண்ணிற ஆடை உடுத்துத் தந்தையின் சிலைதிறப்புக்குத் தோட்டத்தில் நிற்கிறாள்.

அவலநாடகத்தின் ஊழை விஸ்கொன்தி எங்கே கொண்டு வைத்தார் என்பது இப்படத்தில் விளங்கும். பழங்கிரேக்கத்தில் சாபம் குருதிவழி வந்தது. அவர் காட்டும் வீடுகளில் அது சொத்துவழி வருகிறது. மாளிகை, தோட்டம், பியானோ, பணிப்பெண், நகரத்தாரின் மரியாதை ஆகிய அனைத்தையும் பெற்றுக்கொள்பவர், அவற்றோடு கேட்கப்படாத ஒரு கணக்கையும் பெற்றுக்கொள்கிறார். அக்கணக்கைக் கேட்க வெளியார் எவரும் உள்ளே வருவதில்லை. நகரத்தார் நன்கொடையைப் பெற்றுக்கொண்டு, சிலைக்கு முன் தலை வணங்குகின்றனர். தோட்டம் பொதுச்சொத்தாகிறது, குற்றம் மட்டும் குடும்பச் சொத்தாகவே நின்றுவிடுகிறது.

இதை ஐந்தாண்டுகளுக்கு முன் அவர் எடுத்த ‘ரோக்கோவும் அவன் சகோதரர்களும்’ படத்தோடு வைத்துப் பார்ப்பது பயன்தரும். தெற்கின் வறண்ட லுக்கானியாவிலிருந்து தாயும் மகன்களும் பிழைப்புத் தேடி மிலானுக்கு வருகிறார்கள். அண்ணன் தம்பியருள் ஒருவனான சிமோனே, நாதியா என்னும் பெண்ணைக் கொல்கிறான். ரோக்கோ அவனை மறைக்க விரும்புகிறான்; தாயும் மகனைக் காக்கத் துடிக்கிறாள். மற்றொரு சகோதரனான சீரோ, கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி, காவல்துறைக்குச் செய்தி சொல்கிறான். வீட்டார் அவனைத் துரோகி என்று தூற்றுகின்றனர். அவன் அழுதுகொண்டே செய்கிறான். பின் தொழிற்சாலைக்குத் திரும்புகிறான். ஈஸ்கிலஸின் மூன்றாம் நாடகத்திலிருந்து விஸ்கொன்தி எடுத்துக்கொண்ட ஒரே துணுக்கு இதுதான் எனலாம். வீட்டின் குற்றம் நகரத்தின் சட்டத்திடம் ஒப்படைக்கப்படுவது ஏழைகளின் வீட்டில்தான். மாளிகைகளில் அதைச் செய்ய ஒரு சீரோ பிறப்பதில்லை.

1969இல் வந்த ‘கடவுளரின் வீழ்ச்சி’ அந்த இன்மையின் முழு விலையைக் காட்டுகிறது. க்ருப் போன்ற ஜெர்மானிய எஃகுக் குடும்பங்களின் சாயலில் அமைந்த எசன்பெக் குடும்பம் அதன் களம். 1933 பிப்ரவரி 27, ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த இரவு. குடும்ப மூத்தவரின் பிறந்தநாள் விருந்து நடக்கிறது. அன்றிரவே அவர் படுக்கையில் சுட்டுக்கொல்லப்படுகிறார். கொலைக்குப் பழி சுமத்தப்படுபவன், அவ்வீட்டில் நாஜிகளை எதிர்த்த ஒருவன். கொலை செய்தவன், அவ்வீட்டு விதவையின் காதலன். அவ்விதவையின் மகன் மார்ட்டின், ஒரு சிறுமியின் சாவுக்குக் காரணமானவன். அக்குற்றம் மறைக்கப்படுவதற்கு ஈடாக நாஜிகளின் கருவியாகிறான். இறுதியில் தாயைச் சீரழித்து, அவளுக்கும் காதலனுக்கும் மணம் முடித்துவைத்து, நஞ்சு கொடுத்துச் சாகச்செய்கிறான். இவனும் ஒரெஸ்டஸின் வேலையைத்தான் செய்கிறான். ஆனால் தந்தைக்காகவோ நீதிக்காகவோ செய்யவில்லை. கணக்குக் கேட்கப்படாத வீட்டில் வளர்ந்த பிள்ளையை, கணக்கே இல்லாத அரசு தனக்கு உரியவனாக எடுத்துக்கொள்கிறது. தனிவீட்டின் மறைப்பு நாட்டின் பேரழிவோடு சேரும் இடத்தை இதைவிடக் கடுமையாகக் காட்டிய படங்கள் குறைவு.

1972 ஜூலையில் விஸ்கொன்தி பக்கவாதத்தால் தாக்குண்டார். உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. பவேரிய அரசன் லுட்விக் பற்றிய படத்தின் தொகுப்பு வேலையை, கோமோ ஏரிக்கரையில் தாய்வழி வந்த மாளிகையில் இருந்தபடியே முடித்தார். சிறுவயதில் வேனிற்காலங்களைக் கழித்த வீடு, நோயாளியாகத் திரும்பியவரை ஏற்றுக்கொண்டது. 1974இல் மேலும் ஒரு படம் வந்தது. இறுதிப் படத்தைச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே இயக்கினார்.

அந்த இறுதிப் படம் ‘லின்னொசெந்தே’. காப்ரியேலே தனுன்சியோ 1892இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. துல்லியோ ஹெர்மில் செல்வமும் கல்வியும் வாய்ந்த மேட்டுக்குடியினன். தனக்கு எல்லா உறவுகளும் தகும் என்று வாழ்கிறான். மனைவிக்கு ஒரு காதல் வந்தபோது தாங்கமாட்டாமல் தவிக்கிறான். அக்காதலில் பிறந்த பச்சிளங்குழந்தையை, வீட்டார் வழிபாட்டுக்குச் சென்ற பனிக்கால இரவில், திறந்த சாளரத்தருகே குளிர்காற்றில் வைத்துச் சாகவிடுகிறான். குருதி சிந்தாத கொலை. சாட்சி இல்லாத கொலை. குழந்தை நோயால் இறந்ததாகவே உலகம் கொள்ளும். நாவலில் அவன் பின்னொரு நாள் தன் குற்றத்தைத் தானே சொல்கிறான். உலகின் எந்த நீதிமன்றமும் தன்னை விசாரிக்கும் தகுதி உடையதன்று என்பது அவன் நினைப்பு. குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் மேட்டுக்குடிச் செருக்கு அவனை விடவில்லை.

விஸ்கொன்தி அம்முடிவை ஏற்கவில்லை. படத்தில் துல்லியோ தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். இது நாவலில் இல்லாதது. தன்னை விசாரிக்க எவரும் இல்லை என்று எண்ணுபவனுக்கு, அவனையே தீர்ப்பெழுதவைத்தார் இயக்குநர். இதை நீதி எனக் கொள்ள இயலாது. ஏதென்ஸின் நீதிமன்றத்தில் குடிமக்கள் கூடி வாக்களித்தனர். இங்கே ஒருவன் தனியறையில் தன் கதையை முடித்துக்கொள்கிறான். இறந்த குழந்தைக்கு அதனால் எதுவும் கிடைப்பதில்லை. குற்றவுணர்வு எவ்வளவு ஆழமாயினும், அது குற்றவாளியின் உடைமையாகவே இருக்கும்வரை, பாதிக்கப்பட்டவரை எட்டுவதில்லை என்பதை இம்முடிவு தன் இயலாமையாலேயே உணர்த்துகிறது.

விஸ்கொன்தியின் வாழ்க்கையையும் இவ்வளவு கண்டிப்போடுதான் மதிப்பிட வேண்டும். அவர் தம் செல்வத்தைத் துறக்கவில்லை. குற்றத்தை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்வதற்கான ஓய்வையும் பணத்தையும் கல்வியையும் அவருக்குத் தந்தது, அவர் குற்றஞ்சாட்டிய அதே பிறப்புரிமைதான். 1929இல் இறந்த கார் ஓட்டுநரின் பிள்ளைகளோ உறவினரோ தம் துயரத்தை ஒரு கலையாக்கி உலகின் முன் வைக்கும் வாய்ப்பைப் பெறவில்லை. இதை மறந்து அவரைப் போற்றுவது எளிது. இதை மட்டும் நினைந்து அவரை ஒதுக்குவதும் எளிது. அவர் படங்கள் அவ்விரு எளிய வழிகளையும் அடைத்து நிற்கின்றன. தம் வகுப்பாருக்கு அவர் எந்தப் படத்திலும் விடுதலை வழங்கவில்லை. ஏதீனாவின் வாக்கைத் தாமே போட்டுக்கொள்ளும் வசதி அவருக்கு இருந்தது. அந்த வசதியை மட்டும் அவர் பயன்படுத்தவேயில்லை.

1976 மார்ச் 17ஆம் நாள் விஸ்கொன்தி ரோம் நகரில் காலமானார். ‘லின்னொசெந்தே’ அவர் மறைவுக்குப் பின் அவ்வாண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அப்படத்தின் தொடக்கத்தில், பெயர்கள் திரையில் வரும்போது, நாவலின் பழைய பிரதியொன்றை முதிய கை ஒன்று மெல்லப் புரட்டுகிறது. அது விஸ்கொன்தியின் கை. நோய் விட்டுவைத்த அந்த ஒரு கையால், குற்றமறியாதவர் என்னும் பொருள் கொண்ட தலைப்புடைய நூலின் பக்கங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிச் செல்கிறார்.